கிரப் ரெஸ்க்யூவும் பிள்ளையார் கோவில் கணக்கும்

"டேய்... இங்க வா. உன் கம்ப்யூட்டர் என்னமோ சொல்லுது."

நல்லா ஓடும்போது அது அப்பாவோட கம்ப்யூட்டர். படுத்துக்கிட்டால் அந்த நிமிஷமே என் கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் இது எழுதாத சட்டம். 2023 டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. மார்கழிக் குளிரில் போர்வையை விட மனசில்லாமல் எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரை. மேலே மூலையில் மூன்றே வரி.

எரர்: நோ சச் பார்ட்டிஷன்.
என்டரிங் ரெஸ்க்யூ மோட்...
கிரப் ரெஸ்க்யூ>

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஏனென்றால் நேற்று ராத்திரி நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

"கரண்ட் போய்ப் போய் வந்துச்சு இல்லப்பா... அதுல ஏதாவது ஆயிருக்கும்" என்றேன்.

பொய். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கணக்கு வாசிக்கணும். அதுக்குள்ள சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆயிடும்ப்பா. சின்ன விஷயம்தான்."

இது இரண்டாவது பொய்.

சரி, கொஞ்சம் பின்னாடி போய் வருவோம். எங்கள் வீட்டில் இருப்பது 2012-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் அப்பாவுக்கு விண்டோஸ் 10. நான் காலேஜில் சேர்ந்ததும் லேப் புரோகிராம் போட்டுப் பார்க்க லினக்ஸ் வேண்டும் என்று கடைசியில் கொஞ்சம் இடம் பிரித்து உபுண்டு போட்டுக்கொண்டேன். "என் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அப்பா அன்றைக்கே கேட்டார். "உங்க பக்கம் வேற, என் பக்கம் வேறப்பா. நடுவுல சுவர் இருக்கு" என்று நான்தான் பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் கொடுத்தேன். அதுவரை நீள நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை எக்செல்லுக்கு இழுத்து வந்ததும் நான்தான். "இனிமே எதுக்குப்பா நோட்டு" என்று கேட்டவனும் நான்தான். குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கணக்கு சாதாரணக் கணக்கு இல்லை. எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் கும்பாபிஷேகத்துக்கு வீடு வீடாக வசூல் செய்த பணம். அப்பாதான் பொருளாளர். இதற்கு முந்தைய வசூலில் கணக்கு சரியாக வரவில்லை என்று தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருந்த கதையெல்லாம் உண்டு. அதனால்தான் இந்த முறை அப்பா கையில் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, கணக்கு போயிடுச்சு" என்று சொன்னால்? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி நடந்தது இதுதான். செமஸ்டர் முடிந்துவிட்டது, உபுண்டுவைத் திறந்தே ரொம்ப நாள் ஆகிறது. அப்பாவின் டி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. என் இடத்தை அழித்து அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தியாக உணர்ச்சி. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். கடைசியில் எழுத்து எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தேன். எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையை எவன் படிக்கிறான்? 'எஸ்' கொடுத்தேன். அடுத்து டி டிரைவை 'எக்ஸ்டெண்ட்' செய்ய வேண்டும். மவுஸைக் கொண்டு போகும்போது அம்மா "தோசை ஆறுது" என்று மூன்றாவது தடவை கத்தினார். எழுந்து போய்விட்டேன். சாப்பிட்டு வருவதற்குள் அப்பா கம்ப்யூட்டரை அணைத்திருந்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தாயிற்று. ஹி ஹி.

முதலில் எனக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான். சிபியூவை சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, கடைத்தெருவில் இருக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் மானிட்டரில் மாட்டிப் பார்த்தார். சரியாகப் பத்து விநாடி.

"ஓஎஸ் போயிடுச்சு தம்பி. ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

"உள்ள இருக்கிற ஃபைல் எல்லாம்ணே?"

"டி-ல இருக்கிறது அப்படியே இருக்கும். சி-ல இருக்கிறது போயிடும். பெரும்பாலும் எல்லாரும் டி-லதானே வெச்சிருப்பாங்க?"

எல்லாரும் வைத்திருப்பார்கள். எங்கள் அப்பாவைத் தவிர! அவருக்கு உலகமே டெஸ்க்டாப்தான். திறந்தவுடன் கண் முன்னால் ஃபைல் தெரிய வேண்டும். அவருடைய டெஸ்க்டாப்பில் பின்னணிப் படம் தெரியவே தெரியாது, அவ்வளவு ஐகான். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். ஃபார்மட் கொடுத்தால் கோவில் கணக்கு காலி.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் கடையில் வரிசையாகப் பத்து சிபியூ காத்திருந்தது. ஃபார்மட் என்றால் ஒரு மணி நேரம். என்ன ஆயிற்று என்று உட்கார்ந்து பார்த்தால் ஒரு நாள். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. "வேணாம்ணே" என்று திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தருக்கு போன் போட்டேன். லினக்ஸ் விஷயத்தில் எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கே அவர்தான் கதி.

"என்னடா பண்ணின? உண்மையைச் சொல்லு."

"லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் பண்ணிட்டேண்ணா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பண்ணலை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க."

"எக்ஸ்டெண்ட் பண்ணலையே?"

"இல்லைண்ணா."

"போய் உங்கம்மா கால்ல விழுடா. பொழைச்ச!"

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். "இனிமே அந்த டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. பார்க்கலாம், படிக்கலாம், காப்பி எடுக்கலாம். எழுத மட்டும் கூடாது. எது போச்சு, எது போகலைன்னு தெரியாம ரிப்பேர்னு ஆரம்பிச்சா, போகாததும் போயிடும்."

"சரி, அந்தக் கறுப்புத் திரையிலேயே எல்எஸ்னு அடி" என்றார். அடித்தேன். அடைப்புக்குறிக்குள் எச்டி0, அப்புறம் எம்எஸ்டாஸ்3, எம்எஸ்டாஸ்2, எம்எஸ்டாஸ்1 என்று வந்தது.

"நாலு எங்க?"

"இல்லைண்ணா."

"அதான் தேடுது. கிடைக்கலை. அவ்வளவுதான் மேட்டர்."

இங்கே கொஞ்சம் தியரி. போரடிக்காமல் சொல்லப் பார்க்கிறேன் :-)

பழைய பயாஸ் முறை கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், அது டிஸ்க்கின் முதல் செக்டாரைப் படிக்கிறது. மொத்தம் 512 பைட். அதற்குப் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்டு. 1983-ல் பிசி டாஸ் 2.0 வந்த காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு. அந்த 512-ல் முதல் 446 பைட், ஆரம்பித்து வைக்கும் புரோகிராமுக்கு. கடைசி 2 பைட், "நான்தான் சரியான ஆள்" என்று காட்டும் முத்திரை. நடுவில் 64 பைட்தான் பார்ட்டிஷன் டேபிள். நாலு வரி, வரிக்கு 16 பைட். எந்தப் பார்ட்டிஷன் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பதெல்லாம் அந்த 16-க்குள் அடக்கம். ஒரு டிஸ்க்கில் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். நாலு வரிக்குத்தான் இடம்!

லினக்ஸ் போட்டால் அந்த முதல் செக்டாரில் கிரப் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1995-ல் எரிக் போலின் என்பவர் ஆரம்பித்தது. உபுண்டுவா, விண்டோஸா என்று கேட்கும் பட்டியலைக் காட்டுவது இதுதான். ஆனால் 446 பைட்டில் எவ்வளவுதான் எழுத முடியும்? அதனால் கிரப் தன்னைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்கிறது. முதல் செக்டாரில் ஒரு துளி. அதற்குப் பின்னால், முதல் பார்ட்டிஷன் ஆரம்பிப்பதற்கு முன் இருக்கும் காலி இடத்தில் இன்னொரு துண்டு. பட்டியல், விண்டோஸைக் கூப்பிடத் தெரிந்த மாட்யூல் போன்ற மீதி எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்.

ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன் இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒன்று, வாட்ச்மேன் ஒருத்தர். இரண்டு போர்ஷன் சாவியையும் என் போர்ஷன் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். நான் என் போர்ஷனை இடித்துவிட்டேன். அப்பா போர்ஷன் ஒரு செங்கல்கூட அசையாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் கையில் சாவி இல்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு "ரெஸ்க்யூ, ரெஸ்க்யூ" என்று கத்துகிறார். நடுவில் சுவர் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேனே, அது உண்மைதான். வாசல் ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. உண்மையில் நான் என் போர்ஷனைக்கூட இடிக்கவில்லை! பார்ட்டிஷனை டெலீட் செய்யும்போது டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களை யாரும் தொடுவதில்லை. டேபிளில் இருக்கும் அந்த ஒரு வரி மட்டும்தான் அழிகிறது. 500 ஜிபி டிஸ்க்கில் 16 பைட். அதற்கு மேல் ஒன்றுமே போகவில்லை.

"அப்ப அந்த வரியைத் திரும்ப எழுதிட்டா போதுமாண்ணா?"

"போதும். ஆனா எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு சரியா தெரியணும். தப்பா எழுதினா கதை கந்தல். அதுக்கு டெஸ்ட்டிஸ்க்னு ஒண்ணு இருக்கு. ஆனா மொதல்ல உங்கப்பா ஃபைலை வெளிய எடு. ரிப்பேரெல்லாம் அப்புறம்."

வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் பூட் ஆகும் பென்டிரைவ் தயார் செய்ய வழி இல்லை. சனிக்கிழமை, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு சைக்கிளில் போனேன். "மச்சி, உபுண்டு வேணும்டா" என்றதும், எதற்கு என்றுகூடக் கேட்காமல் டவுன்லோட் போட்டான். ஏறக்குறைய 5 ஜிபி. அவன் வீட்டு நெட் வேகத்துக்கு மத்தியானச் சாப்பாடும் அங்கேயே ஆகிவிட்டது. அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது மணி நாலரை.

வீட்டுக்குள் நுழைந்தால் ஹால் முழுக்கக் காகிதம். அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ரசீதுப் புத்தகங்கள். வசூல் செய்யும்போது கிழித்துக் கொடுத்தது போக மீதி இருக்கும் அடிக்கட்டைகள். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, அப்பா புது நீள நோட்டில் ஒன்றாம் நம்பரிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

"அறுபத்தி மூணு... நூத்தி ஒண்ணு."

"ம்."

"அறுபத்தி நாலு... ஐநூத்தி ஒண்ணு."

"ம்."

மொத்தம் 212 ரசீது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு மின்விசிறி போட்டால் காகிதம் பறக்கும் என்று அதையும் போடவில்லை. என்னைப் பார்த்ததும் அப்பா "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நான் உள்ளறைக்குப் போய் பென்டிரைவைச் சொருகினேன். பயாஸில் யுஎஸ்பியை முதலில் வைத்து, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை உபுண்டு' கொடுத்தேன். இதன் அருமை என்னவென்றால், இது பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும் ஓடும். நாமாகச் சொன்னால் தவிர டிஸ்க்கில் எதையும் எழுதாது. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கத்தில் விண்டோஸ் டிஸ்க் தெரிந்தது. கை நடுங்கத் திறந்தேன். யூசர்ஸ், அதற்குள் அப்பா பெயர், அதற்குள் டெஸ்க்டாப். எல்லாம் இருந்தது. 'கணக்கு', 'கணக்கு நியூ', 'கணக்கு நியூ நியூ', 'கணக்கு ஃபைனல்', 'கணக்கு ஃபைனல் 2'. அவ்வ்வ்வ்... எது கடைசி என்று கடவுளுக்கும் அப்பாவுக்கும்தான் வெளிச்சம். மொத்த டெஸ்க்டாப்பையும் இன்னொரு பென்டிரைவில் அள்ளிப் போட்டேன்.

ஓடி வந்து, "அப்பா, ஃபைல் கிடைச்சிடுச்சு! எழுத வேண்டாம், நிறுத்துங்க" என்றேன்.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "இரு. நூத்தி நாப்பது வந்தாச்சு. இதை முடிச்சுடறோம்."

சரி என்று உள்ளே வந்துவிட்டேன். இனி ரிப்பேர்.

முதலில் அந்த 512 பைட்டை அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னார் சீனியர் அண்ணா. அதற்கு டிடி என்று ஒரு கட்டளை. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். எங்கிருந்து, எங்கே என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் எச்சரிக்கைகூட இல்லாமல் டிஸ்க்கை அழித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். நாலு தடவை வாசித்துவிட்டு என்டர் தட்டினேன். 512 பைட்டில் ஒரு குட்டி ஃபைல் பென்டிரைவில் வந்து உட்கார்ந்தது. இப்போது என்ன தப்பு செய்தாலும் குறைந்தபட்சம் இந்த நிலைமைக்காவது திரும்பி வரலாம்.

அடுத்து டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்தோஃப் கிரேனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள். உபுண்டுவில் முன்கூட்டியே இருக்காது. போனை யுஎஸ்பியில் மாட்டி, டெதரிங் போட்டு இறக்கினேன். பார்க்க டாஸ் காலத்து ஆள் மாதிரி இருக்கும். மவுஸ் கிடையாது, மேலே கீழே அம்புக்குறிதான். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, டேபிள் வகை இன்டெல் என்று கொடுத்து, 'அனலைஸ்', அப்புறம் 'குவிக் சர்ச்'.

அது என்ன செய்கிறது தெரியுமா? டேபிளை நம்புவதில்லை. டிஸ்க்கையே நேரடியாகப் பார்த்து, "இங்கே ஒரு ஃபைல் சிஸ்டம் ஆரம்பிக்கிறது" என்பதற்கான அடையாளம் இருக்கிறதா என்று தேடுகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஒவ்வொன்றும், தான் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து சரியாக 1024 பைட் தள்ளி, சூப்பர்பிளாக் என்று ஒன்றை எழுதி வைத்திருக்கும். அதில் அதற்கென்று ஒரு முத்திரை எண்ணும், தன்னுடைய மொத்த அளவும் இருக்கும். முத்திரை கிடைத்தால் ஆரம்பம் தெரிந்துவிடும். அளவு கிடைத்தால் முடிவு தெரிந்துவிடும். அதை வைத்து, அழிந்துபோன அந்த 16 பைட்டைத் திரும்பக் கணக்குப் போட்டு எழுதிவிடலாம்.

ஹாலில் அம்மா குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "நூத்தி எழுபத்தி ஒண்ணு... இருநூத்தி அம்பத்தி ஒண்ணு." "ம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளறையில் டெஸ்ட்டிஸ்க் செய்வதும், ஹாலில் அப்பா செய்வதும் ஒரே வேலை. பேரேடு போய்விட்டது. அடிக்கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து பேரேட்டைத் திரும்ப எழுதுகிறார்கள். அப்பாவுக்கு யாரும் போனில் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குவிக் சர்ச் முடிந்தது. நாலு வரி வந்தது. நாலாவது லினக்ஸ். அதன் மேல் நின்று 'பி' அடித்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களைக் காட்டும் என்றார் அண்ணா. அடித்தேன். என் ஹோம் ஃபோல்டர், முதல் வருஷம் எழுதிய சி புரோகிராம்கள், எல்லாம் வரிசையாக நின்றன. அழித்துவிட்டதாக நான் நினைத்த அத்தனையும்!

கடைசியாக 'ரைட்'. இரண்டு நாளில் அந்த டிஸ்க்கில் முதல் முறையாக எழுதப் போகிறேன். அண்ணாவுக்குத் திரையை போட்டோ எடுத்து அனுப்பினேன். "சரியா இருக்கு. போடு" என்று பதில் வந்தது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு (அவருக்கும் இதில் பங்கு இருக்கிறதே) 'ஒய்' அடித்தேன். பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட்.

கிரப் பட்டியல் வந்தது. உபுண்டு, விண்டோஸ் இரண்டும் இருந்தன. அந்தப் பட்டியலை அதற்கு முன் நூறு தடவை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். பூட் ரிப்பேர், ஓஎஸ் சிடி எதுவும் தேவைப்படவில்லை. வாட்ச்மேன் தேடிய இடத்தில் சாவி இருந்தது, அவர் பாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

விண்டோஸுக்குள் போய் 'கணக்கு ஃபைனல் 2'-ஐத் திறந்து வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவரும் அப்போதுதான் 212-ஐ முடித்து, கூட்டிப் போட்டு, அடிக்கோடு இட்டிருந்தார். நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

எக்செல் மொத்தம்: 1,43,287.

நோட்டு மொத்தம்: 1,43,788.

"501 உதைக்குதே" என்றார்.

"நோட்டுல கூட்டறப்ப தப்பு வந்திருக்கும்ப்பா" என்றேன் நான். (திருந்தவே மாட்டேன் போலிருக்கிறது.)

அப்பா பதில் பேசாமல் நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். ரசீது இரண்டிலும் 212-தான். தொகையும் ஒன்றுதான். அப்புறம்தான் நான் மொத்தம் போட்டிருந்த கட்டத்தைக் கிளிக் செய்து பார்த்தேன். கூட்டல் ஃபார்முலா 211-ஆவது ரசீதோடு நின்றிருந்தது. 212-ஆவது ரசீது கடைசி நாளில் வந்தது. அதை அப்பா கீழே சேர்த்திருக்கிறார், ஃபார்முலாவை நீட்டவில்லை. நீட்ட வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித் தரவே இல்லை. 212-ஆவது ரசீது, 501 ரூபாய்.

கம்ப்யூட்டர் கெடாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தத் தப்பான தொகையைத்தான் தெருவுக்கு முன்னால் வாசித்திருப்பார். 501 கொடுத்தவர் வீட்டில் ரசீது இருக்கிறது. யாராவது கூட்டிப் பார்த்திருந்தால்... நினைக்கவே பயமாக இருந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, கரண்ட்டால ஆகலை. நான்தான் ராத்திரி ஒரு பார்ட்டிஷனை அழிச்சேன்" என்றேன்.

"தெரியும். கரண்ட் போகவே இல்லையே அன்னிக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "எதையாவது அழிக்கணும்னா பகல்ல அழி. ராத்திரி தூக்கக் கலக்கத்துல எதையும் அழிக்காதே" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பார்த்துத்தான் வாசித்தார். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போது எக்செல், நோட்டு இரண்டிலும் எழுதுகிறார். நான் வாயைத் திறப்பதில்லை.

சரி, இரண்டு ஓஎஸ் வைத்திருக்கும் மக்களுக்குக் கொஞ்சம் உபயோகமான விஷயம். உங்களில் பலரிடம் இருப்பது புது லேப்டாப். அதில் பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ, பழைய டேபிளுக்குப் பதில் ஜிபிடி இருக்கும். அங்கே கிரப்பும் விண்டோஸ் பூட் மேனேஜரும் தனியாக ஒரு சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் அடுத்தடுத்த ஃபோல்டரில் குடியிருக்கும். அதனால் லினக்ஸை அழித்து கிரப் திணறினாலும், ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்தி விண்டோஸை நேராகத் தேர்ந்தெடுத்துவிடலாம். என்னை மாதிரி தலையில் கை வைக்க வேண்டியதில்லை. ஜிபிடி டேபிளுக்கு டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதியும் உண்டு. ஆனால் நீங்களே டெலீட் கொடுத்தால் இரண்டு பிரதியிலும்தான் அழியும், அதை நம்பி இறங்காதீர்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பூட் விஷயத்தில் கை வைத்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அதை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதே கம்ப்யூட்டருக்குள் அல்ல :-) எஸ்எஸ்டியாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஃபார்மட் கொடுத்தால் ட்ரிம் ஓடி, உள்ளே இருந்தது நிஜமாகவே போய்விடக் கூடும். எனக்குக் கிடைத்த இரண்டு நாள் அவகாசம் பழைய ஹார்ட் டிஸ்க்கின் புண்ணியம்.

நம் தப்பு எதுவும் இல்லாமலும் இது நடக்கும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, செக்யூர் பூட் போட்டிருந்த பல இரட்டை ஓஎஸ் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் பூட் ஆகாமல் போனது. பழைய பூட்லோடரை நம்ப மாட்டேன் என்று சொன்னதுதான் காரணம். அப்போதும் உள்ளே இருந்த ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை. வாசலில்தான் தகராறு. ஆனால் பயந்துபோய் ஃபார்மட் கொடுத்தவர்களுக்கு எல்லாமே போயிருக்கும்.

அதனால் கறுப்புத் திரை வந்தால் முதலில் கையை எடுங்கள். எது போச்சு என்று பாருங்கள். வீடு போயிருக்காது, பெரும்பாலும் சாவிதான் போயிருக்கும். வேறொரு வாசல் வழியாக உள்ளே போய் முக்கியமானதை வெளியே எடுங்கள். எழுதுவது கடைசியில்.

அப்புறம் அந்த டி டிரைவ் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. சிவப்புக் கோடு காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. என் பார்ட்டிஷனை அப்பாவுக்குக் கொடுக்கும் தியாகத்தை ஒரு நல்ல பகல் வேளை பார்த்துச் செய்யலாம் என்று இருக்கிறேன்.